வலப்பக்கம்

மூன்று வருசம் இடப்பக்கத்தால் மட்டும் சாப்பிட்டேன்.
மாசிச் சம்பல், முறுக்கு, கோழிக்கால்
எல்லாம் இடப்பக்கத்துக்கு.
வலப்பக்கம் பூட்டிப்போட்ட வீடு.
நாக்கு மட்டும் இரவில் போய்க்
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வரும்.

கராம்பு எண்ணெய், உப்புத் தண்ணி,
நாளுக்கு ஆறு பனடோல்.
துணுக்காய்ச் சங்கக் கடையில் சீனி நிறுக்கிற எனக்கு
ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு
மறு கையால் சில்லறை எண்ணத் தெரியும்.
பெரிய யோசனைக்காரி என்று சனம் நினைத்தது.

கிளிநொச்சிக்கு மூன்றுதரம் வெளிக்கிட்டேன்.
முதல்தரம் மல்லாவியிலேயே இறங்கி
ஒரு வாளி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
வாளி தேவையில்லாமலும் இல்லை.
இரண்டாம்தரம் துண்டு எடுத்தேன். முப்பத்தேழு.
முப்பத்தைந்து உள்ளே போனதும்
அந்த மெசின் சத்தம் கதவுக்கு அடியால் வந்தது.
தும்பி அளவு சத்தம்தான்.
என் கால் எனக்குச் சொல்லாமலே
மாங்குளம் பஸ்ஸில் ஏறிவிட்டது.

மூன்றாம்தரம் தவரஞ்சினி கூட வந்தாள்.
பயப்பிடாதே என்று அவள் சொல்லவில்லை.
"ஓடுறதெண்டால் சொல்லிப்போட்டு ஓடு,
என்ர காசும் உன்ர பையுக்கதான் கிடக்கு" என்றாள்.
முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லாரும் தேங்காய் உடைக்க,
நான் பிள்ளையாரின் உடைந்த கொம்பையே பார்த்தேன்.
விறைக்கப் போட்டோ எடுத்தது?
கேட்க வெட்கமாயிருந்தது.
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன்,
எந்தப் பல்லால் தின்னப்போகிறேன் என்று யோசிக்காமல்.

கதிரை பின்னால் சாயச் சாய
கூரை கிட்ட வந்தது.
விளக்கு.
முகமூடிக்கு மேலே இரண்டு கண்.
முகம் தெரியாத ஆளுக்கு
நான் வாய் திறந்து பழக்கமில்லை.
அதைச் சொன்னேனோ, முகத்தில் எழுதிக் கிடந்ததோ,
டொக்டர் முகமூடியைக் கழற்றினா.
சின்னப் பிள்ளை. முன்பல்லு ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது.
"நான் றிஸ்லானா, அக்கரைப்பற்று" என்றா.
"நோகிற நேரம் இடக்கைய ஒசத்துங்க.
ஒசத்தின ஒடன நிப்பாட்டிருவன்."

கை உயர்த்துவது எனக்குத் தெரியும்.
ஒருதரம் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு
கடலேரிக் கரையால் நடந்தோம்.
தங்கச்சி கையில் வெள்ளைப் பாவாடைத் துண்டு.
எதுவும் நிற்கவில்லை.

அதனால் பொய்யாய் உயர்த்திப் பார்த்தேன்.
ஊசிகூடப் போடவில்லை,
வாய்க்குள் சின்னக் கண்ணாடி மட்டும்.
நிறுத்தினா.
கண்ணாடியை வெளியே எடுத்து
"சொல்லுங்க" என்றா.
ஒன்றுமில்லை என்றேன்.
திரும்ப உயர்த்தினேன். திரும்ப நிறுத்தினா.
முரசுக்குக் கிட்ட ஊசி வர உயர்த்தினேன்.
வந்த ஊசி வந்த இடத்திலேயே நின்றது.
மெசின் சுழலச் சுழல உயர்த்தினேன்,
பொய்யோ நிசமோ இப்போதும் தெரியாது,
சத்தம் அறுந்தது.
வெளியே ஒரு குழந்தை இருமியது கேட்டது.

வாசலில் பதினெட்டுப் பேர்.
ஒரு பல்லுக்கு ஒன்பதுதரம் கை உயர்த்தினேன்.
மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா.
டொக்டர் பார்க்கவில்லை.
பத்தாம்தரம் உயர்த்த நினைத்தபோது
கை கதிரைப் பிடியில் நித்திரை மாதிரிக் கிடந்தது.
கிடக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பும்போது உதடு எனக்குச் சொந்தமில்லை.
கச்சானை ஒவ்வொன்றாய் உடைத்து
எனக்குக் காட்டிக் காட்டித் தின்றாள் தவரஞ்சினி.
சிரித்தேன்; பாதி முகம்தான் வந்தது.

இன்றைக்குக் கடையில் ஆளில்லாத நேரம்
பைக்குள் மிஞ்சிக் கிடந்த ஒரு கச்சானை
வலப்பக்கம் வைத்தேன்.
கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கடித்தேன்.

அடைத்தது முன்னுக்கு உள்ள பல்லுத்தான்.
பின்னதைக் கழற்றவேணுமாம், வியாழக்கிழமை.
பயமாய்த்தான் இருக்கு.
இடக்கையையும் கொண்டு போகிறேன்.